ஐஸில் வைத்த ஆற்றுத் தண்ணீர்

பிள்ளைகளே, எண்ணூரிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவர் மடியில் சின்ன ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மீன் கூடையோடு ஓர் அம்மா.

"பொட்டில இன்னா நைனா, எறாவா?"

"ஆத்துத் தண்ணிம்மா. முகத்துவாரத்துல எடுத்தேன்."

"தண்ணிய போயி ஐஸ்ல வெச்சிக்கினு போறியே, அது இன்னா வஞ்சிரமா?"

பெரியவர் சிரித்தார். "சூடு பட்டா தண்ணியோட குணம் மாறிடும்மா. காலேஜுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கணும். ஆத்தைக் கெடுக்காம வெயில்லயும் அலையிலயும் கரண்ட் எடுக்கறது எப்படின்னு பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். ஆறு எவ்வளவு கெட்டிருக்குன்னு பாக்க மாசாமாசம் வந்து தண்ணி எடுப்பேன்."

"அந்தப் பசங்க வர்லியா?"

"படிச்சு முடிச்சு ஊர் ஊராப் போயிட்டாங்க. இந்த மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட். இதான் கடைசி பாட்டில். எனக்கப்புறம் எடுக்க ஆள் இல்ல."

"வூட்ல யாரு கீறாங்க?"

"நான் மட்டுந்தான்."

அந்த அம்மா பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஒரு காலி பாட்டிலக் குடுத்துட்டுப் போ நைனா. மாசாமாசம் நான் புடிச்சு ஐஸ்ல வெக்கிறேன்."

"வெச்சா யாரும்மா அதைச் சோதிப்பாங்க?"

அதற்குள் தேரடி நிறுத்தம் வந்தது. அந்த அம்மா எழுந்து, தன் கூடையிலிருந்து ஐஸை இரண்டு கையாலும் அள்ளிப் பெரியவரின் பெட்டியில் போட்டார்.

"இதையாவது நல்லபடியா கொண்டு போ" என்று சொல்லி இறங்கிவிட்டார்.