நாற்பதாவது லேப்டாப்

விளக்கை யாரும் அணைக்க வேண்டாம், எனக்கே கொஞ்சம் நடுக்கம்தான். இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அன்று ஞாயிற்றுக்கிழமை... பட்டப்பகல், மணி இரண்டரை.

கிடங்குச் சாலையில் ஈ காக்கை இல்லை. மச்சான் பைக்கில் ஆபீசுக்குப் போகிறார். பாலத்து வளைவு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு மாதத்துக்கு முன், கொட்டும் மழையில் சோடாபுட்டியை லாரி அடித்த இடம் அது. கூட வேலை பார்த்தவன். தடித்த கண்ணாடி, அதனால் அந்தப் பட்டப்பெயர்.

விபத்து நடந்த அந்த ஞாயிறு வேலைக்குப் போக வேண்டியது உண்மையில் மச்சான். சினிமா ஆசையில், "காய்ச்சல்டா, இன்னிக்கு மட்டும் நீ போயிடு" என்று புளுகினார். வேலைப் பட்டியலில் தன் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போட்டார். குறிப்பில், "முறை மாற்றிக்கொண்டோம்." தனக்கு வந்த சாவு ஆள் மாறிப் போய்விட்டது என்ற நினைப்பு அன்றிலிருந்து அவரைத் தூங்க விடவில்லை.

ஆபீசில் நாற்பது புது லேப்டாப்கள். திங்கட்கிழமை புது ஆட்கள் சேர்கிறார்கள். ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் ஸ்கேனரில் படித்து, அது யாருக்கு என்று ஆன்லைன் பட்டியலில் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் போதும், எந்த ஊரில் திறந்தாலும் லேப்டாப் தன் ஆளைப் பெயர் சொல்லி வரவேற்கும். மற்றதெல்லாம் தானே இறக்கிக்கொள்ளும்.

பீப்... பீப்... முப்பத்தொன்பது முடிந்தது. நாற்பதாவது ஆளின் பெயர் இன்னும் வரவில்லை. காலியாக விட்டால் பட்டியல் ஏற்காது. இந்த மாதிரி நேரத்தில் தங்கள் பெயரையே போட்டுவைப்பது அந்த ஆபீஸ்காரர்கள் வழக்கம். மச்சான் பெயரில் ஏற்கெனவே ஐந்து இருந்தன, அதற்கு மேல் விடாது. சோடாபுட்டியின் கணக்கை இன்னும் மூடவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஒரு நாளைக்குத்தானே... கை கூசியது. ஆனாலும் போட்டுவிட்டார்.

சரிபார்க்க அந்த லேப்டாப்பைத் திறந்தார். புது பிளாஸ்டிக் வாசனை வர வேண்டும். வந்தது மழையில் நனைந்த சட்டையின் வாடை... கூடவே பெட்ரோல்.

திரையில் சோடாபுட்டியின் முழுப்பெயர், வரவேற்புடன். அடுத்து பாஸ்வேர்டு கேட்டது. மச்சான் எதையும் தொடவில்லை. கட்டத்தில் புள்ளிகள் விழுந்தன. ஒன்று... இரண்டு... மூன்று... எட்டு. ஏற்றுக்கொண்டது.

கேமரா விளக்கு எரிந்தது. முகத்தைப் பதிய வேண்டுமாம். மச்சான் ஓரமாக நின்றிருந்தார். கேமராவுக்கு எதிரே காலி நாற்காலி.

"கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்" என்றது திரை.

டக்... மேசைமேல் கண்ணாடியை மெல்ல வைக்கும் சத்தம். மச்சான் கண்ணாடியே போடுவதில்லை.

"டேய்... மன்னிச்சிடுடா. காய்ச்சல்னு சொன்னது பொய்டா..." அவருக்கு அழுகை முட்டியது.

நாற்காலி மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.

எடுத்தார் ஓட்டம். கேட்டுக்கு வெளியே வந்துதான் மூச்சு வந்தது. வாசலோரம் அவர் பைக், வானத்தில் கருமேகம். என் நண்பனுக்குப் போன் போட்டு நடந்ததெல்லாம் சொன்னார்.

"முதல்ல அந்தப் பேர அழிங்க மச்சான்" என்றான் அவன்.

போனிலேயே பட்டியலைத் திறந்தார். நாற்பதாவது வரியில் சோடாபுட்டி பெயர் இல்லை. அந்த இடத்தில் மச்சானின் பெயர் இருந்தது. மாற்றியவர், சோடாபுட்டி. குறிப்பு, "முறை மாற்றிக்கொண்டோம்." அவர் அதை உரக்கப் படித்ததை நண்பன் கேட்டான்.

வீட்டுக்குப் போக அந்தச் சாலையை விட்டால் வேறு வழி கிடையாது. போனில் மழைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடுத்து பைக் உறுமியது.

நண்பன் கத்தினான். "மச்சான், வண்டிய எடுக்காதீங்க! நான் வர்றேன்!"

மழை வலுத்தது. அப்புறம் மச்சானின் குரல்.

"நான் எடுக்கலப்பா... சாவி என் கையிலதான் இருக்கு."