ரெமிஜியஸுக்கு ஒரு ஃப்ரேம்வொர்க்

"ஹலோ... ஆமா, இசைவாணிதான் பேசுறேன்... கேக்குது, கேக்குது, சொல்லுங்க ரெமிஜியஸ் சார்... சாப்பிட்டாச்சு சார்... ம்ம்... மேனேஜரும் லைன்ல இருக்காங்களா? அடடே. வணக்கம் துரைராசு சார்... பரவாயில்ல சார், நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. நல்லதுதான்."

நல்லதுதான் என்று அவள் சும்மா சொல்லவில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில், பைக் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே சொந்தமாக அலுவலகம் போட்டு, கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிப் பிழைக்கிறவள் அவள். நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். ரெமிஜியஸ் சிங்கப்பூரிலிருந்து, மேனேஜரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு யோசனை கேட்கிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாளைக்கு வேலை ஊத்திக்கொண்டால், அந்தப் பெண்தான் சொன்னாள் என்று கைகாட்ட ஓர் ஆள் வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் இருவரும் இதே ஊரில் ஒரே கம்பெனியில் இருந்தபோதும் அப்படித்தான் காட்டினான், பாவி.

"ஆமா... ஆமா சார்... கல்யாண மண்டபம் புக்கிங்குக்கு ஒரு வெப்சைட்... கல்யாண வீட்டுக்காரங்க போன்லயே மேசை நாற்காலிய இழுத்துப் போட்டுப் பாக்கணும், சாப்பாட்டு அயிட்டத்தை மாத்தினா அங்கேயே மாறணும்... புரியுது, புரியுது... எப்போ முடிக்கணும்?... தை பொறக்குறதுக்குள்ளயா? மூணு மாசம்கூட இல்லியே... எத்தனை பேரு?... நாலும் புதுசா? காலேஜ் முடிச்சு நேரா வந்ததுங்களா... சரி. அதுங்களுக்கு ஏற்கெனவே எது தெரியும்?... வியூவா. நாலு பேருக்குமா?... ம்ம்... நீங்க எதை நெனச்சிருக்கீங்க?... ஆங்குலர்... ஓகோ."

விரல் பட்டதும் அசைகிற இப்படிப்பட்ட பக்கங்களை யாரும் வெறுந்தரையிலிருந்து கட்டுவதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகம் ஒன்றை எடுத்து அதன்மேல் கட்டுவார்கள். அதைத்தான் ஃப்ரேம்வொர்க் என்கிறார்கள். அதில் வியூ சின்னது, ஆங்குலர் பெரியது. எதை எடுப்பது என்று முதலில் தப்பாக முடிவு செய்துவிட்டால் கடைசிவரைக்கும் அழ வேண்டியதுதான். இசைவாணிக்கு விடை அப்போதே தெரிந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததை எடுத்தால் ரெமிஜியஸ் பிழைப்பான். பெரியதை எடுத்தால், பிள்ளைகள் அதைக் கற்று முடிப்பதற்குள் தை வந்துவிடும். அவனுக்கு வேலை போகும், வேலையோடு சிங்கப்பூரில் தங்குவதற்கான பாஸும் போகும், மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான்.

பொய் சொல்லிக் கவிழ்க்கலாம். ஆனால் மேனேஜர் கேட்டுக்கொண்டிருக்கிறாரே. அதுவுமில்லாமல், பொய் அவனுடைய தொழில். உண்மையை எப்படிச் சொன்னால் அவன் காதில் ஏறாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சார், வியூவையே எடுங்க... ஆமா, சின்னதுதான்... ஆங்குலர் நல்லதுதான் சார், யாரு இல்லேன்னா? ஆளும் நெறைய, நாளும் நெறைய இருந்தா ஜோரா நிக்கும். உங்ககிட்ட ரெண்டும் இல்லியே... எப்படிச் சொல்றது... எங்கப்பா பண்ற மாதிரின்னு வச்சுக்குங்களேன். சுத்தி உள்ள வயல்ல என்ன ரகமோ அதையேதான் அவரும் போடுவாரு. அறுப்பு மெஷின் ஒரே நடையா வந்து எல்லாத்தையும் அறுத்துட்டுப் போயிடும். ஒருத்தர் மட்டும் தனியா நீண்ட நாள் ரகம் போட்டா என்ன ஆவும்? அவரு ஒருத்தருக்காக மெஷின் திரும்ப வராது, ஊர்க் குருவி பூரா அவரு வயல்லதான் எறங்கும்... ஆமா சார், வயக்காட்டு உதாரணம்தான்... சிரிங்க, பரவாயில்ல."

சிரிப்பான் என்று தெரிந்துதான் சொன்னாள். கும்பகோணத்து விதை வியாபாரி ஒருவருக்கு இணையப் பக்கம் கட்டியபோதும் இப்படித்தான் சிரித்தான். விவசாயிகளின் சின்ன போனிலும் திறக்கிற மாதிரி லேசாகச் செய்யலாம் என்று அவள் சொல்ல, நாற்றுக்கட்டு தூக்கின வீட்டுப் புத்தி இவ்வளவுதான் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னான். அவளை மட்டும் அல்ல, அவள் அப்பா மருதையனையும் சேர்த்துத்தான் சொன்னான். பிறகு கனமான ஒன்றைத் தானே பிடிவாதமாக எடுத்தான். கிராமத்தில் ஒரு போனிலும் பக்கம் திறக்கவில்லை. வியாபாரி வந்து கத்தியதும், தேர்ந்தெடுத்தது இசைவாணி என்று கூசாமல் சொல்லிவிட்டு, அவளுக்கென்று பேசி வைத்திருந்த சிங்கப்பூர் வேலையில் அவனே போய் உட்கார்ந்துகொண்டான். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குப் பற்றி எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை. அவள் அணைய விடவுமில்லை.

"அப்புறம் ஒண்ணு சார். முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த நாலு பிள்ளைங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க... ஏன், கேட்டா என்ன?... நீங்கதான் பெரியவரு, தெரியும் சார். கையால செய்யப்போறது அதுங்கதானே... கோவப்படாதீங்க... என்னது? பழி வாங்குறேனா?... மேனேஜர் முன்னாடி உங்களை மட்டமா காட்டவா இப்படிச் சொல்றேன்? நல்லா இருக்கே கதை... துரைராசு சார், நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க? மறுபடி சொல்லிடுறேன். வியூவை எடுத்தா தைக்குள்ள முடியும். ஆங்குலர் எடுத்தா இந்த நாலு பேரை வச்சு முடியாது. என் யோசனை இதுதான்... சரி... சரி, ரெமிஜியஸ் சாரே சொல்லட்டும்."

ரெமிஜியஸின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. தன் அனுபவம், தான் பார்த்த கம்பெனிகள், தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறவர்களுக்கு என்ன தெரியும் என்று போய்க்கொண்டே இருந்தது. அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள். வந்த சிரிப்பு அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதே.

"அப்போ ஆங்குலர்தான்... சரி சார், உங்க இஷ்டம்... துரைராசு சார், உங்களுக்குச் சம்மதமா?... அவரு பொறுப்புல விடுறீங்களா... ரெமிஜியஸ் சார், மன்னிச்சுக்குங்க, கீழ பைக்கை முறுக்குறான், சரியா காதுல விழல. யாரு பொறுப்பு?... உங்க பொறுப்பா... முழுசா உங்க பொறுப்பு, எனக்கு இதுல சம்பந்தமில்ல... ஆமா, ஆமா. இப்ப நல்லா கேட்டுச்சு."

கீழே ஒரு பைக்கும் ஓடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மொத்தப் பேச்சிலும் அவள் சொன்ன ஒரே பொய் அது.

"மேனேஜர் வச்சிட்டாரா?... நீங்க மட்டும்தானா. சரி... என்ன சார், குரல் எறங்கிப்போச்சு?... நெஜமாவே வியூதான் சரியான்னா கேக்குறீங்க?... நெஜமாவேதான். மொதல்லேர்ந்து அதைத்தானே சொல்றேன்... இனிமே எப்படி மாத்துவீங்க, இப்பதானே அவருகிட்ட அடிச்சுச் சொன்னீங்க... இருங்க, இருங்க, நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். என் பொறுப்புன்னு இப்ப சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு அந்த விதை வியாபாரி முன்னாடி அதைச் சொல்லியிருந்தீங்கன்னா, இன்னிக்கு வயக்காட்டுக் கதையெல்லாம் பேசாம, உங்க மனசுல ஏறுற மாதிரி நயமா எடுத்துச் சொல்லியிருப்பேன்... வச்சிடுறேன் சார்."