அவன் அட்டையில் என் மூச்சு

மேடையில் வீற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் சேஷகிரி அவர்களே! துணைவியாரை இழந்த துயரத்தோடும் நம்மை மதித்து வந்திருக்கும் பெரியவர் ஆம்ப்ரோஸ் அவர்களே! விவேக் நகரிலிருந்து வந்திருக்கும் சிஸ்டரம்மாவின் உறவினர்களே! வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வையும் விட்டுவிட்டு இந்த ஜீவனஹள்ளி சங்கக் கட்டடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் என் பீன்யா ஃபவுண்டரித் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் தணிகாசலத்தின் வணக்கம்.

ஐந்து நிமிடம் பேசு என்றார்கள். சிஸ்டரம்மா போய் ஒன்பது நாள் ஆகிறது. ஒன்பது நாளும் எழுதினேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். எனக்கு எழுத்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, என் வேகம் அவ்வளவுதான். அதனால் தலைவர் மணியைத் தட்டினாலும் நான் நிறுத்த மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தோழர்களே, இந்த ஒன்பது நாளும் நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. எழுதுவேன், எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வந்து எழுதுவேன். "துக்கமா, இல்லை வேறே ஏதாவதா?" என்று என் மனைவி ருக்கு கேட்டாள். இரண்டும்தான். துக்கத்தை முதலில் சொல்கிறேன். வேறே ஏதாவது என்றாளே, அதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

யார் இந்தச் சிஸ்டரம்மா, ஐரின் ஆம்ப்ரோஸ்? அரசு நெஞ்சக மருத்துவமனையில் முப்பத்து மூன்று வருடம் செவிலியாக இருந்தவர். அதில் பாதிக் காலம், மூச்சு ஊதிப் பார்க்கும் அறையில். ஓய்வு பெற்ற மறு மாதமே மூச்சின் வேகத்தை அளக்கும் தம்முடைய ஊதும் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு நம் சங்கத்துக்கு வந்தார். நாம் கூப்பிட்டோமா? இல்லை! பீன்யா ஃபவுண்டரிகளிலிருந்து எத்தனை பேர் அவர் அறைக்கு இருமிக்கொண்டே வந்தார்கள், எவ்வளவு தாமதமாக வந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். "நீங்க என்கிட்ட வர்றதுக்குள்ள லேட் ஆயிடுது. அதனால நான் வந்துட்டேன்" என்றார். எட்டு வருடம், ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்! மழை பெய்தது, வந்தார். மூட்டு வலித்தது, வந்தார். ஆட்டோ கிடைக்கவில்லை, இரண்டு பஸ் மாறி வந்தார்!

அவர் குரலை மறக்க முடியுமா? நாம் குழாயை வாயில் வைத்தால் போதும், அந்த அம்மாளுக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வருமோ! "ஊது! ஊது ஊது ஊது! நிறுத்தாத! இன்னும் ஸ்வல்ப, இன்னும் கொஞ்சம்! மாமியார் வீட்டுக்குப் போறவ மாதிரி தயங்காத, ஊது!" தெருவே நின்று பார்க்கும். ஊது சிஸ்டர் என்று பெயர் வைத்தோம். கேட்டு அவரும் சிரித்தார்.

சுவரில் அவர் மாட்டிய படம் இதோ இருக்கிறது. நெஞ்சைத் திறந்து காட்டும் படம். நான் எழுத்துப் படித்தது அந்தப் படத்தில்தான். மற்றவர்கள் அ, ஆ என்று ஆரம்பிப்பார்கள். நான் மூக்கில் ஆரம்பித்தேன். நாசிக் குழி, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல் என்று ஒரு ஞாயிறுக்கு ஒரு சொல். முதன்முதலாக யாரும் சொல்லித்தராமல் நானே கூட்டிப் படித்த பெரிய சொல் உதரவிதானம். அன்றைக்கு என்ன சந்தோஷம் எனக்கு! வீட்டுக்குப் போய் வாசலிலிருந்தே "உதரவிதானம்!" என்று கத்தினேன். "வர்றப்பவே யாரைத் திட்டிக்கிட்டு வர்ற?" என்றாள் ருக்கு. திட்டவில்லை தோழர்களே! நம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிந்திருக்கும் தசை அது. நுரையீரல் தானாகக் காற்றை இழுக்காது, அதற்கு அந்தச் சக்தி இல்லை. உதரவிதானம் கீழே இறங்கும், விலா எலும்புகள் விரியும், நெஞ்சுக்குள் இடம் உண்டாகும், அந்த இடத்தை நிரப்பக் காற்று ஓடி வரும். நான் அறுபத்தாறு வருடம் மூச்சு விட்டேன். இது தெரியாமலே விட்டேன்!

நமக்குப் புரியும்படி பேசத் தெரிந்தவர் அவர். மூச்சுக்குழலைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன, குதிரை லாடம் போல. எதற்கு? "உங்க கம்ப்ரஸர் ஹோஸ்ல கம்பி சுத்தியிருக்கே எதுக்கு? நசுங்காம இருக்கத்தானே? அதுதான்." மூக்கில் முடி எதற்கு? "மணல் சலிக்கிற சல்லடை." உள்ளே குழல் ஓரமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள், தூசியைச் சளியோடு மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன, நாம் தூங்கும்போதும்! குழல் இரண்டாகப் பிரிந்து, நாலாகப் பிரிந்து, இருபது முறைக்கு மேல் பிரிந்து, கடைசியில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. முப்பது கோடிக்கு மேல் என்றார்.

"எண்ணிப் பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டான் மஞ்சுநாத். இதோ முன் வரிசையில்தான் இருக்கிறான்.

"நீ பீடியை விடு கண்ணு, உனக்கு நான் ஒண்ணு விடாம எண்ணிக் காட்டறேன்" என்றார்.

அந்த நுண்ணறையின் சுவர் தாளைவிட மெல்லியது. அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் காற்று. ஆக்ஸிஜன் உள்ளே போகும், கரியமில வாயு வெளியே வரும். "ஷிஃப்ட் மாறுற நேரத்துல உங்க கேட்டுல நடக்குறதுதான். ஒரு கூட்டம் உள்ள, ஒரு கூட்டம் வெளிய." வார்ப்பைக் கிரைண்டிங் செய்யும்போது பறக்கும் மணல் தூளில் மிகவும் பொடியானது எந்தச் சல்லடையிலும் நிற்காது. ரோமங்கள் முடிந்துபோன அந்தக் கடைசி அறை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். அறை தழும்பாகும். தழும்பான கேட் திறக்காது. "போன அறை திரும்பி வராது. மீதி அறையைக் காப்பாத்தலாம். அதுக்கு முதல்ல எவ்வளவு மீதின்னு தெரியணும்." இதைச் சொல்லும்போது மட்டும் சத்தம் போட மாட்டார்.

அதற்காகத்தான் அட்டை. ஆளுக்கு ஓர் அட்டை, தெருவுக்கு ஓர் ஊதும் குழாய். தினமும் காலையும் மாலையும் ஊத வேண்டும், குழாயில் முள் ஏறி நிற்கும் எண்ணை எழுத வேண்டும். எங்கள் தெருவில் அட்டை எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார். எனக்கு! முப்பது வருடம் சம்பளத் தாளில் கைநாட்டு வைத்தவனுக்கு! சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டுதான் கடைக்கும் போனேன்.

வேறே ஏதாவதா என்று ருக்கு கேட்டாளே, அது இங்கேதான் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி. கிரைண்டிங்கில் பதினாறு வருடம். பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தக் கூட்டத்தில் கிரைண்டிங் ஆட்கள் முப்பது பேராவது இருக்கிறீர்கள், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். என்னைவிட உயரம் என்று மட்டும் சொல்கிறேன். என்னைவிட உயரம் இல்லாதவர் இங்கே யார்?

அவன் ஊதினால் முள் கொஞ்சம்தான் ஏறும். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, இதை எழுதாதண்ணா."

"ஏன்டா? கார்டு சங்கத்துலதானே இருக்கு? கம்பெனிக்குப் போகாதே."

"கார்டு போகாது, பேச்சு போகும். நெஞ்சு கெட்டவன்னு தெரிஞ்சா கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவான். நாப்பத்தி நாலு வயசுல எந்த கேட்டுல போய் நிப்பேன்? நல்லதா ஒரு நம்பர் போடு."

நான் என்ன செய்தேன்? பொய் எழுதக் கூடாது என்று நினைத்தேன் தோழர்களே. இவ்வளவு வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட எழுத்து, அதில் யாரும் ஊதாத எண்ணை எப்படி எழுதுவது? அதனால் நானே ஊதினேன். முள் நானூற்று முப்பதில் நின்றது. நான் லோடிங்கில் இருந்தவன், வெளிக்காற்றில் வேலை பார்த்தவன், என் நெஞ்சு தப்பித்தது. நானூற்று முப்பது என்று என் அட்டையில் எழுதினேன். அதையே அவன் அட்டையிலும் எழுதினேன். ஊதிய எண்தானே, பொய் இல்லையே என்று நிம்மதியாகப் படுத்தேன். இப்படி ஏழு வாரம்!

ஒரு ஞாயிறு எல்லோரும் போன பிறகு சிஸ்டரம்மா கூப்பிட்டார்.

"தணிகாசலம், இங்க வாங்க. இந்த ரெண்டு கார்டையும் படிங்க."

படித்தேன். தடங்கல் இல்லாமல் படித்தேன்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நுரையீரலா? இங்க நானூத்தி முப்பது, அங்கயும் நானூத்தி முப்பது. உங்களுக்குச் சளி பிடிச்ச வாரம் முந்நூத்தி எழுபது. அதே நாள்ல அவருக்கும் சளியா?"

"ஒண்ணுகூட பொய் இல்ல மேடம். எல்லாம் ஊதினதுதான்."

"யார் ஊதினது?"

என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். கண்ணாடியைத் திரும்பப் போட்டபோது சிரிப்பு இல்லை. "மூக்குலேர்ந்து நுண்ணறை வரைக்கும் எனக்கே ஒப்பிச்சீங்களே. ஒருத்தர் ஊதின மூச்சு இன்னொருத்தர் நெஞ்சுக்குள்ள போகும்னு எந்தப் படத்துல பாத்தீங்க?" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னை உட்கார விடாமல் செய்கிறது. "நானூத்தி முப்பது உங்க வயசுக்கு, உங்க உயரத்துக்கு நல்ல நம்பர். அவர் வயசு என்ன, உயரம் என்ன? அவருக்கு அறுநூறு வரணும். உங்க மூச்சைக் குடுத்தும் அவர் பாஸ் ஆகல. நான் மூணு வாரம் முன்னாடியே பிடிச்சிருக்கணும். வேலை அலுப்புல அவர் சரியா ஊதலன்னு நெனச்சுட்டேன்."

அந்த அம்மாள் தம்மைக் குறை சொல்லிக்கொண்டார். ஏமாற்றியவன் நான்! எதிரில் நின்றவன் நான்!

அவனை அழைத்துவரச் சொன்னார். கதவைச் சாத்தினார். அறையில் மூன்றே பேர். அன்றைக்கு அவர் கத்தவில்லை. அவன் முதுகில் கை வைத்து, "மெதுவா இழு. இப்ப விடு" என்றார். மூன்று முறை ஊதினான். அதில் பெரியது இருநூற்று அறுபது. பேனாவை என்னிடம் நீட்டினார். அந்த மூன்று இலக்கங்களை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

"இந்தச் சின்னக் குழாய் கதவைத்தான் தட்டும். உள்ள பாக்க எக்ஸ்ரே வேணும், பெரிய டெஸ்ட் வேணும்" என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் தாம் வேலை பார்த்த பழைய அறைக்கே போன் செய்து தேதி வாங்கிக் கொடுத்தார். அந்தத் தேதிக்கு முன்னால் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

அந்தத் தேதி நாளை, தோழர்களே. நாளை திங்கட்கிழமை!

முந்தாநாள் அவனிடம் போனேன். "சிஸ்டரம்மாவே இல்ல, இனிமே யாருக்காக ஊதறது?" என்றான். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். பேச்சு எனக்கு உடனே வராது, எழுதினால்தான் வருகிறது. அவனுக்கான பதிலைத்தான் நேற்று முழுக்க எழுதினேன்.

அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. நான் ஒருவன்தான் இதைச் செய்தேனா? மற்றத் தெருக்களில் அட்டை எழுதியவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். தரையைப் பார்க்காதீர்கள். அடுத்த ஞாயிறு எல்லா அட்டையையும் கொண்டு வாருங்கள். கடனாக வாங்கிய மூச்சை எல்லாம் அடித்துவிட்டு, ஒவ்வொருவரும் தன் மூச்சை ஊதட்டும். குழாயை ஆம்ப்ரோஸ் ஐயா நம்மிடமே கொடுத்துவிட்டார். கத்துவதற்கு மஞ்சுநாத் இருக்கிறான். எழுத நான் இருக்கிறேன்.

தலைவர் சேஷகிரி அவர்களே! எண் குறைந்தவரைக் கிரைண்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாற்று, வேலையை விட்டு அனுப்பாதே என்று கேட்க, அந்தக் கம்பெனி கேட் முன்னால் சங்கம் நிற்குமா? வாக்குக் கொடுங்கள். நீங்கள் தலையாட்டுவீர்கள் என்று நம்பித்தான் இந்த வரியை எழுதியிருக்கிறேன். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்! அவர் ஒருவரே போய் நின்றால் போதாது. முப்பது பேரும் நிற்க வேண்டும். நானும் நிற்பேன்.

எட்டு வருடம் நம் நெஞ்சைக் காத்த ஐரின் ஆம்ப்ரோஸ் அம்மையாருக்கு மாலை போட்டுவிட்டோம். அழுதுவிட்டோம். அவருக்கு இது போதுமா? அவர் கேட்டது மாலையையா?

தம்பி, இனி உன்னிடம் பேசுகிறேன். உன் பக்கம் பார்க்க மாட்டேன், பயப்படாதே. யாருக்காக ஊதுவது என்று கேட்டாய். சிஸ்டரம்மாவுக்காக நீ ஒரு நாளும் ஊத வேண்டியிருக்கவில்லை. எனக்காகவும் வேண்டாம். உனக்கு எத்தனை அறை மீதி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியவிடாமல் ஏழு வாரம் மறைத்தவன் நான். அதற்காக இத்தனை பேர் முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

காலை ஏழரைக்கு என் வீட்டுக்கு வா. சேர்ந்து போவோம். அங்கே எண்ணை எழுதப் போவது நான் அல்ல. அது எத்தனையாக இருந்தாலும், உன்னுடையதாக இருக்கட்டும்.