பிக்கப் ஏன் உறுமுது?

— பெடல்லேர்ந்து கால எடுங்க ஆன்டி.

— எடுத்து அஞ்சு நிமிஷம் ஆச்சு ராசிக் தம்பி. ரெண்டு காலும் கீழதான் இருக்கு, குனிஞ்சு பாருங்க.

— அப்புறம் யாரு அழுத்துறா? ஆர்பிஎம் முள்ளு ரெண்டாயிரத்துல நிக்குது. சும்மா நிக்கிற எஞ்சினுக்கு எண்ணூறு போதும் லா. எப்பலேர்ந்து இப்படி?

— ஒரு பத்து நாளா. சிக்னல்ல நிக்கிறேன், கர்த்தாவே, பக்கத்துல நிக்கிற மோட்டார்க்காரன் என்னோட ரேஸ் விடலாமான்னு பாக்குறான். அறுபத்து மூணு வயசுல எனக்கு இது தேவையா?

— முத்துக்குமாரு அங்கிள் எங்க? இருபது வருஷமா அவர்தானே இந்த பிக்கப் வண்டிய என் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வருவாரு.

— வீட்டுல தூங்குறாரு. ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் அவருக்குத் தூக்கம். நாலு மணிக்குள்ள இது வாசல்ல நிக்கணும், உறுமாம நிக்கணும். இல்லாட்டி எல்லாம் போச்சு.

— பொறுங்க. நீங்க ஓட்டுறது அவருக்குத் தெரியாதா?

— தெரிஞ்சா விடுவாரா? கட்டின நாள்லேர்ந்து சாவியைத் தொடக் கொடுத்ததில்ல. பயப்படாதீங்க, லைசென்ஸ் இருக்கு. எண்பத்தொம்பதுல எடுத்தது. தவறாம போஸ்ட் ஆபிஸ்ல போய் புதுப்பிச்சுக்கிட்டுத்தான் வரேன். ரோட்டுல இறங்கினது இந்த ஒரு மாசமாத்தான்.

— யா அல்லா.

— திங்கக்கிழமை கிள்ளான் ஆஸ்பத்திரியில அவருக்குக் கண் ஆபரேஷன். கிராப் டாக்சியில போவோம்னேன். சொந்த வண்டி இருக்கும்போது அந்நியன் வண்டியில ஏற மாட்டாராம். செந்தூரன் பினாங்குலேர்ந்து வரேன்னான், பெத்த பிள்ளைகிட்ட லீவை வீணாக்காதேன்னுட்டாரு. இவரே ஓட்டிப் போய் இவரே ஓட்டி வருவாராம், கண்ணுல கட்டோட. எங்க போய் இடிப்பாரோன்னு எனக்கு ராத்தூக்கமே இல்ல தம்பி. அதான் இந்த மேனுவல் கியரைப் படிச்சேன். திரும்பி வரும்போது சாவியைப் பிடுங்கிக்கிட்டு நான் ஸ்டியரிங்ல உக்காந்துருவேன். என்ன செய்வாரு, நடந்தா வருவாரு?

— சரி சரி. முதல்ல கால்மிதியைப் பாப்போம், சில வண்டியில அது பெடல் மேல ஏறிக்கும்... இல்ல, ஒழுங்காத்தான் கிடக்கு. கேபிளும் இறுகல. இப்ப இந்த ரப்பர் குழாய்ல சோப்புத் தண்ணி அடிக்கிறேன். எங்கயாவது வெடிச்சுக் காத்து இழுத்தா சத்தம் மாறும். நல்லாக் கேளுங்க.

— மாறல.

— மாறல. அப்ப காத்து வால்வுல கரி பிடிச்சிருக்கும். கழட்டிக் கழுவணும், கால் மணி நேரம்.

— இப்பவே மூணு பத்து.

— பேசாம இருந்தீங்கன்னா பத்து நிமிஷம்.

— நான் எங்க பேசினேன்?

— ... ம், மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணுங்க.

— அதே உறுமல். நான்தான் கெடுத்துட்டேன், இல்லையா? உண்மையைச் சொல்லுங்க தம்பி. ஆரம்பத்துல கிளட்ச்சை விட்டாலே எஞ்சின் செத்துரும். எங்க தெரு முனையிலேயே ஆறு தடவை, ஏழு தடவை. அப்படிக் குலுங்கினதுல உள்ள ஏதோ உடைஞ்சிருக்கு.

— இப்பவும் சாகுதா?

— ஒரு தடவைகூட இல்ல. சொன்ன பேச்சு கேக்குது. கை வந்துருச்சு, சும்மா சொல்லக்கூடாது.

— கிலோமீட்டர் ஏறுறதை அங்கிள் பாக்கலையா? தினம் நோட்டுல எழுதுற ஆளாச்சே.

— புரை விழுந்த கண்ணுக்கு மீட்டர் எங்க தெரியுது? என்கிட்ட கேட்டுத்தான் எழுதுறாரு. நான் சொல்றதுதான் நம்பர்.

— நல்ல குடும்பம் லா.

— சர்ச்சுல மன்னிப்பு கேட்டாச்சு, நீங்க வேலையைப் பாருங்க.

— ஆன்டி, இறங்கி வாங்க. இந்தச் சின்ன ஸ்க்ரூ தெரியுதா? இதைத் திருகினா எஞ்சின் வேகம் ஏறும். ஃபேக்டரியிலேயே பெயிண்ட் வச்சு மூடினது, நான் ஒரு நாளும் தொட்டதில்ல. இப்ப பெயிண்ட் உடைஞ்சிருக்கு, கீறல் புதுசு. யாரோ வேணும்னே ஏத்தி வச்சிருக்காங்க.

— என்னைப் பாக்காதீங்க. எனக்கு பானட் திறக்கவே தெரியாது.

— அப்ப அங்கிள் வேற எங்கயோ கொண்டு போயிருக்காரு. காப்பார்ல ஒரு மெக்கானிக் இருக்கான், இந்தக் குரங்கு வேலையெல்லாம் அவன்தான் செய்வான். இருங்க, ஃபோன் போடுறேன்.

— ஐயோ வேணாம், முழிச்சுக்குவாரு.

— உங்க பேச்சையே எடுக்க மாட்டேன். இருபது வருஷ கஸ்டமர் வேற ஒருத்தன்கிட்ட போனா எனக்கு மனசு கேக்குமா? கையெல்லாம் எண்ணெய், ஸ்பீக்கர்ல போடுறேன். நீங்க மூச்சு விடாதீங்க... ஹலோ அங்கிள், ராசிக். எழுப்பிட்டேனா?

— தூங்கினாத்தானே எழுப்புறதுக்கு. சொல்லு.

— ஒன்னுமில்ல, உங்க பிக்கப்ல அந்த ஐடில் ஸ்க்ரூவை யாராச்சும் தொட்டாங்களா?

— லிசன், ராசிக். என் வீட்டு வண்டியில இருக்கிற ஸ்க்ரூவைப் பத்தி பண்டமாரான் வொர்க்‌ஷாப்புல உக்காந்திருக்கிற உனக்கு எப்படித் தெரியும்?

— அது... சும்மா தோணுச்சு அங்கிள்.

— தோணும், தோணும். நான்தான் திருப்பினேன். இந்த எஞ்சினுக்கு எனக்குக் கண்ணு வேணாம், விரல் போதும்.

— நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி அங்கிள், எதுக்கு அதைப் போய்...

— எனக்குக் கண்ணுலதான் புரை, காதுல இல்ல. தெரு முனையில அது ஏழு தடவை செத்ததை நான் படுத்துக்கிட்டே எண்ணினேன்.

— அங்கிள்...

— அந்த ஸ்க்ரூவைக் குறைச்சிராத. அவ இன்னும் கிளட்ச்சை டக்குன்னுதான் விடுறா, திங்கக்கிழமை திரும்பி வரும்போது நடு ரோட்டுல செத்துச்சுன்னா கண்ணுல கட்டோட இறங்கித் தள்ளப் போறது நான்தான்.