திரையில் நின்ற கடைசி வரி

— சத்தியமா சொல்றேம்மா, இன்னிக்கு நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பூட்டு ரிப்பேர்காரன் பொய் சொன்னா எவன் வீட்டுக்குள்ள விடுவான்?

— நேத்தும் இதே சத்தியத்தைத்தான் பண்ணீங்க, ஐயா. பண்ணிட்டு, கம்ப்யூட்டர்லேர்ந்து புகை வந்துது, பக்கத்து வீட்டு நாய் மயங்கி விழுந்துதுன்னீங்க.

— நாய் விழுந்தது நிஜம். காரணம் வேறயா இருக்கலாம்.

— ஆஸ்பத்திரியில உங்க தம்பி எப்படி இருக்காரு?

— இன்னும் கண்ணைத் திறக்கல.

— அப்ப சீக்கிரம். அவருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுங்கற பட்டியல் அவர் கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிட்டிருக்கு. அது தானா எழுந்திருக்க மாட்டேங்குதுன்னுதான் அதை வெளியிலேர்ந்து எழுப்ப லினக்ஸ்ங்கற வேற சிஸ்டம் போட்ட பென் டிரைவ் குடுத்தேன். அதுவும் ஏன் கிளம்பலன்னு தெரியணும்னா எனக்குக் கதை வேண்டாம். திரையில நிக்கற கடைசி வரி வேணும்.

— நேத்தே சொன்னேனே?

— இங்கிலீஷ்ல மூணு வரி, மூணும் என் பரம்பரையைத் திட்டுதுன்னீங்க. அதை வெச்சு நான் என்ன பண்றது? திரைக் கோளாறுன்னு நெனச்சு ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன். ஆன் பண்ணுங்க. மெனு வருதா?

— வந்தாச்சு.

— முதல் வரியில நின்னு ‘ஈ’ எழுத்தை அமுக்குங்க. ‘கொயட்’னு ஒரு வார்த்தை இருக்கும், அழிச்சிடுங்க. அதுதான் வாயை மூடி வெச்சிருக்கு. அப்புறம் எஃப் டென்.

— அடேயப்பா! எறும்பு மாதிரி ஓடுதும்மா, பத்தாயிரம் வரி!

— எண்ண வேண்டாம். நின்னுடுச்சா?

— நின்னுடுச்சு. இது என்ன திட்டுதுன்னா...

— படிக்காதீங்க! போட்டோ எடுத்து அனுப்புங்க.

— இந்தாங்க, அனுப்பிட்டேன்.

— லினக்ஸ் இருக்கற டிரைவையே காணோங்குது. ஐயா, பென் டிரைவ் எங்க?

— பத்திரமா இருக்கு.

— எங்க?

— சட்டைப் பையில.

— எப்ப எடுத்தீங்க?

— நீங்க சொன்ன எஃப் டென்னை அமுக்கி, வரி ஓட ஆரம்பிச்ச கையோட. பூட்டு திறந்துட்டா சாவியை உருவிடுவோம்மா, நாப்பது வருஷப் பழக்கம். சாவியைத் தொங்கவிட்டுட்டு வர்றவனை எங்க தொழில்ல மனுஷனாவே மதிக்க மாட்டோம்.

— நேத்தும் உருவினீங்களா? சொருகியிருக்கான்னு நாலு தடவை கேட்டேனே!

— சொருகினேன்னு நாலு தடவையும் சொன்னேன். அதுல பொய்யில்ல. உருவினதை நீங்க கேக்கல.

— ஐயோ, அது சாவி இல்லைங்க. மொத்த வீடே அதுக்குள்ளதான் இருக்கு! மறுபடி சொருகி ஆன் பண்ணுங்க. கையை அது கிட்டயே கொண்டு போகாதீங்க.

— ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னால இருக்கு.

— இப்ப?

— நீலமா வந்திருக்கு. ஓரத்துல டிஸ்க் படம்.

— அதைத் தட்டுங்க.

— தம்பி ஃபைல் எல்லாம் வரிசையா நிக்குதும்மா. அவன் சட்டையை மடிச்சு வைக்கிற மாதிரியே. இவ்வளவுதானா? அஞ்சு நிமிஷ வேலையா இது?

— அஞ்சே நிமிஷம். பட்டியலைத் திறங்க. ஒரு ஊசி போடலாமா வேண்டாமான்னு டாக்டர் கேட்டாரே, அந்தப் பேரு இருக்கா?

— மொத வரியிலயே இருக்கு. சிவப்புல.

— அப்பாடா, தப்பிச்சோம்! டாக்டருக்குப் போன் போடுங்க. அந்த ஊசியைத் தொடவே கூடாதுன்னு சொல்லுங்க.

— அந்த ஊசிதானான்னு பாக்கத்தான் இன்னிக்கு உக்காந்தேம்மா. நேத்து அஞ்சு மணிக்குப் போட்டாங்க. ஆறு மணிக்குத் தம்பி போயிட்டான்.