பாலமும் பாலும்

…கடகடகடன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க டீச்சர், நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப. மாட்டுவண்டி இந்தப் பாலத்துல ஏறுச்சுன்னா பாசார்க் கடத்தெரு வரைக்கும் கேக்கும். ஒவ்வொரு பலகையும் ஒரு சுருதி. இப்ப என்னத்தக் கேக்குது? போலீஸு பூட்ஸு சத்தம். அப்புறம் "கார்டு… கார்டு…". அவ்வளவுதான். முக்கா மணி நேரமா நிக்கிறோம், ஏழடி நகந்திருப்போமா? அந்தச் சீனத்துக் கெழவியோட கூடைய இன்னும் கெளறிக்கிட்டு இருக்கானுங்க. கீரக்கட்டுக்குள்ள பீரங்கியா வெச்சிருக்கப் போறா?

குடைய இப்படிச் சாச்சுப் புடிங்க. மனு மேல வேர்வ சொட்டிடப் போகுது. வியாழக்கெழம விசாரணையாம். அதுக்குள்ள இந்தக் காகிதம் அந்தப் பக்கத்துப் போலீஸ் ஆபீசுக்குப் போயாகணும். இல்லேன்னா எந்தம்பி தங்கையாவக் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்களாம். இந்தியாவுக்கு! அவன் பொறந்தது இங்க, புலாவ் செபாங்கு எஸ்டேட்டுல. இந்தியாவ அவன் பாத்ததெல்லாம் கடையில குடுக்கிற காலண்டர்லதான். ஆனா பொறந்த சூராட்டு, அந்தப் பொறப்புப் பத்திரம், எங்கன்னு கேக்குறான். எங்கம்மா புள்ளையப் பெத்தாளா, இல்ல ஆபீசுக்குப் போயி சூராட்டு வாங்குனாளா? மூணாம் நாளே ரப்பர் மரம் வெட்டப் போயிட்டா.

என்ன? மனுவுல ஒரு வரி பாக்கியா? எழுதலாம் டீச்சர், எழுதலாம். வரிசதான் நகரலியே. நீங்க ஈப்போலருந்து எங்க பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து மூணு வாரம்தான ஆகுது, இந்தப் பாலத்தோட லட்சணம் உங்களுக்கு என்ன தெரியும்?

எங்க வீட்டுக்காரரு, போய்ச் சேந்துட்டாரு மகராசன், அந்தா தெரியுற செவப்புக் கட்டடத்துக் கவர்மெண்டு ஆபீசுல இருபத்தாறு வருசம் பியூனு. தொரைமாரு விருந்தாளிங்களுக்குச் சரித்திரம் சொல்லுவாங்க. இவரு டீத்தட்டோட நின்னு கேட்டுக்கிட்டு வந்து எங்கிட்ட ஒப்பிப்பாரு. சுல்தான் காலத்துல இது மரப்பாலமாம். பாலத்து மேலயே கடையாம்! ஆறு கீழ ஓடுது, ஏவாரம் மேல ஓடுது. அதப் பொறுக்குமா ஒலகத்துக்கு? வந்தான் பறங்கி. ஊரப் புடிக்கணும்னா மொதல்ல பாலத்தப் புடிக்கணும்னு அவனுக்கு எவன் சொல்லிக் குடுத்தானோ. சுல்தானு யானையெல்லாம் கொண்டாந்து நிறுத்திப் பாத்தாரு. பறங்கி என்ன பண்ணான், கடத்தண்ணி ஏறுற வரைக்கும் காத்திருந்து உசரமான கப்பல் ஒண்ணப் பாலத்துக்கிட்டக் கொண்டாந்து சேத்துட்டான். முடிஞ்சுது. அப்புறம் நூத்தி முப்பது வருசம் அவனுக்குச் சலாம்.

அப்புறம் உலாந்தாக்காரன், அதான் டச்சுக்காரன். அவன் பாலத்த நடுவுல தூக்குற மாதிரி பண்ணி வெச்சிருந்தானாம். கப்பல் வந்தா பாலமே எந்திரிச்சு நிக்கும். மனுசன் வந்தா? மனுசன் உக்காந்து கெடக்கணும். அப்புறம் வெள்ளக்காரன். அவன் காலத்துல ஒரு சீனத் தவுக்கே, பெரிய மொதலாளி, தங்காசப் போட்டுப் புதுசாக் கட்டிக் குடுத்தாரு. கட்டுனது சீனரு, காவலு வெள்ளக்காரன். நல்ல பங்குபிரிப்பு லா!

சப்பான்காரன் வந்தான். இதோ இதே எடத்துல குனிஞ்சு கும்புட்டாத்தான் விடுவான். எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி, சரியாக் குனியல. விட்டான் பாருங்க ஒண்ணு! அன்னியிலருந்து எடது காது போச்சு. "நல்லதுதான் மங்களம், இனிமே ஒம்பேச்சு பாதிதான் கேக்கும்"னாரு மனுசன். அந்தக் காதத்தான் எம்பக்கம் வெச்சுப் படுத்துக்குவாரு.

இப்பத் திரும்பவும் வெள்ளக்காரன், காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்டப் புடிக்க எமர்ஜென்சி. நாலு வருசமாச்சு. சுல்தான் காலத்துலருந்து இன்னி வரைக்கும் பாலத்துல ஒரே வேலதான் நடக்குது டீச்சர். ஒருத்தன் பையில என்னாங்கிறான், ஒருத்தன் தெறந்து காட்டுறான். நடுவுல எப்பவும் ஒரு துபாஷி. அன்னிக்கும் சுல்தான் "வாங்க"ன்னிருப்பாரு, துபாஷி "வாடா"ன்னு மாத்திச் சொல்லிருப்பான். அதான் சண்டையே வந்திருக்கும்.

ஏன் சொல்றேன்னா, அந்தா நிக்குதே, கண்ணாடி போட்ட தம்பி, வெள்ளக்கார ஆபீசரு பக்கத்துல? அதான் இந்தக் காலத்துத் துபாஷி. மதராஸ்லருந்து வந்து ஆறு மாசம் ஆகல. இங்கிலீசு தண்ணியா ஓடுது. எஸ்டேட்டுத் தமிழ் தெரியல. ரப்பர் மரம் நிக்கிற எடத்துக்கு நம்மாளுங்க என்ன சொல்லுவாங்க? காடு. மரத்துப் பட்டைய வெட்டுனா வடியுறது? பாலு. வெட்டுனவன் பால வாளியில சேத்துக் கொண்டுபோய் நிறுத்துக் குடுப்பான். இது எஸ்டேட்டுல தொட்டில்ல கெடக்கிற புள்ளைக்கும் தெரியும். இந்த மகராசனுக்குத் தெரியல. "காட்டுல பாலு குடுக்கிறான்"ன்னதும், காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்டுக்குப் பால் டின்னு கொண்டுபோய்க் குடுக்கிறான்னு இங்கிலீசுல சொல்லிட்டான்!

இப்பத்தான் கடையில பால் டின்னு வாங்குனாக்கூட கடைக்காரன் ஓட்டையப் போட்டுக் குடுக்கணும்னு சட்டமாச்சே, காட்டுக்குக் கடத்திடக் கூடாதுன்னு. அப்புறம் விடுவானுங்களா? தங்கையாவ லாரியில ஏத்திட்டாங்க. இன்னியோட பதினாறு நாளு.

யாரு சொன்னாங்களா? எத?

ஓ… காட்டுல பாலுன்னு. யாரோ சொன்னாங்க டீச்சர். கூட்டத்துல. வாய்க்கொழுப்புப் புடிச்ச எவளோ ஒருத்தி. அந்த வரிதான் பாக்கியா? "யாரோ"ன்னு போட முடியாதா? பேரும் வெலாசமும் வேணுமா… அங்க பாருங்க, தொங்காங் போகுது, எவ்வளவு கரிமூட்ட! படகு முங்குற மாதிரி… பாக்கலியா? சரி. நீங்க பாக்க மாட்டீங்க.

தங்கையாவுக்குத் திக்குவாயி. ஒரு வார்த்த வெளிய வர்றதுக்குள்ள எதிர்ல நிக்கிறவன் கொட்டாவி விட்டுருவான். சின்னதுலருந்து அவனுக்கு நாந்தான் பேசுறது. கடையில நான், கோயில்ல நான், அவனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் நான். அந்தப் பொண்ணு அமையாம போனதுக்கும் நாந்தான் காரணம்னு அவன் ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்ல வராது, அதுவும் ஒண்ணு.

அன்னிக்கு ஞாயித்துக்கெழம, என்னப் பாக்க வந்தான். அவனக் கூட்டியாற நானும் பாலத்துக்குப் போயிருந்தேன். பாலத்துல நிறுத்துனாங்க. கார்ட நீட்டுனான், கார்டு சரியாத்தான் இருந்துச்சு. "என்ன வேல?"ன்னு கேட்டான் கண்ணாடித் தம்பி. இவன் வாயத் தெறந்தான். நான் முந்திக்கிட்டேன். ரப்பர் வெட்டுறான்னு ஒழுங்காச் சொல்லித் தொலச்சிருக்கலாம். "காட்டுல பாலு குடுக்கிறான், வேற என்னத்தக் கிழிக்கிறான்"னேன். "யாருக்கு?"ன்னான். என்ன கேள்வி பாருங்க! எனக்கு நக்கலு வந்துருச்சு. "எல்லாம் மேல இருக்கிறவங்களுக்குத்தான். குடுக்கிறவன் எலும்பும் தோலுமா இருக்கான், வாங்குறவன் கொழுத்துட்டான்"னேன். நான் சொன்னது எஸ்டேட்டு மேட்டுப் பங்களாத் தொரைய டீச்சர்! அந்தத் தம்பி மலை மேல இருக்கிற கம்யூனிஸ்ட்டுன்னு எடுத்துக்கிச்சு. ஆபீசரு எழுத ஆரம்பிச்சாரு. நம்ம பேச்ச ஒரு வெள்ளக்காரரு எழுதுறாரேன்னு நான் வேற… இன்னும் ரெண்டு சேத்துச் சொன்னேன்.

தங்கையா என் கையப் புடிச்சு இழுத்தான். "இ… இ… இல்ல… அ… அக்…"ன்னான். "நீ சும்மா இருடா"ன்னேன்.

எழுதுங்க. சொன்னது மங்களம், அவனோட கூடப் பொறந்த அக்கா. வெலாசம் உங்களுக்குத் தெரியும். பாலுன்னா ரப்பர் பாலுன்னும் எழுதுங்க. அவன் ஒண்ணுமே பேசலன்னு எழுதுங்க, அத ரெண்டு தடவ எழுதுங்க. என்னைய உள்ள வெச்சாலும் வெக்கட்டும்.

ஆங், நம்ம மொறை வந்துருச்சு. கார்ட எடுங்க. என்ன கேக்குறான்? கையில என்ன காகிதம்னா? நீங்க இருங்க டீச்சர், நான் சொல்றேன். இந்தாப்பா தம்பி, போன தடவ நீ பண்ணுன கூத்துக்குத்தான்… ஆ! ஏன் டீச்சர் கையக் கிள்ளுறீங்க? வலிக்குது லா.

சரி… சரி சரி. நீங்களே சொல்லுங்க.

மனு அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. ஆனாலும் பிறப்புப் பத்திரம் இல்லையென்று தங்கையாவை அடுத்த மாதம் கப்பலேற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டார்கள். பதினோரு வருஷம் அங்கே உப்பளத்தில் வேலை செய்து, அங்கேயே இறந்துபோனார்.