டொக்டர் ஞானரட்ணத்துக்கு ஒரு நன்றியுரை

வாடிவீட்டு முட்டை பெட்டிஸில் ஒரு குற்றமும் இல்லை, ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சமையல்காரர் மாடசாமியை உங்கள் பொலிஸார் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். பாவம், நல்ல கைப்பக்குவம் உள்ள மனிதர். அன்று நானே மூன்று சாப்பிட்டேன்.

என் பெயர் கலந்தர். பலாபத்வலயில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். அறுபத்திரண்டாம் ஆண்டில் மாத்தளை சேவைக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினர். செவ்வாய்க்கிழமை தோறும், பயணிகள் தங்கும் அந்த வாடிவீட்டு மண்டபத்தில் கூடுவோம். தலைவர் மக்கீன் ஹாஜியார் மணி அடிப்பார், விருந்தினர் ஒருவர் பேசுவார், பிறகு நான் நன்றியுரை சொல்வேன். ஊரில் என்னை ‘நன்றியுரை கலந்தர்’ என்றே கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் நன்றியுரை என்றால் கூட்டம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் எழுந்து ‘மதிப்புக்குரிய தலைவர் அவர்களே’ என்றதும் நாற்காலிகள் நகரும், குடைகளைத் தேடுவார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். யாருக்கு நன்றி சொல்கிறேனோ அவரே எழுந்து போவதைத்தான் தாங்க முடியவில்லை. யானைகளைப் பற்றிப் பேச லக்கலயிலிருந்து வந்த அதிகாரி, கடைசி பஸ் போய்விடும் என்று என் இரண்டாவது வரியில் ஓடினார். தேனீ வளர்ப்பு பற்றிப் பேசிய பாதிரியார் கண்டிக்குப் போகிற கார் ஒன்றில் ஏறிவிட்டார். வெற்று நாற்காலிக்கு எத்தனை தரம் நன்றி சொல்வது? வீட்டில் ஒத்திகை பார்த்தால் என் மனைவி ஸுபைதாகூட ‘தங்களின் பொன்னான நேரத்தை’ என்கிற இடத்தில் தூங்கிப்போவாள்.

டொக்டர் ஞானரட்ணம் பேச வருகிறார் என்றதும் உட்கார்ந்து எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். தேயிலைத் தோட்டத்து டொக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. தலைப்பு முதலுதவி. சொந்தக் காரில் வந்திருந்தார், பஸ் பிடிக்கிற அவசரமில்லை. அது தெரிந்ததும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

நல்ல பேச்சு, ஐயா. அதை மறைக்கமாட்டேன். தொண்டையில் சாப்பாடு அடைத்தால் என்ன செய்வது என்று நடித்தே காட்டினார். அடைத்துக்கொண்டவர் அவர். காப்பாற்றுகிறவனாக என்னை முன்னுக்குக் கூப்பிட்டார். ‘கக் கக்’ என்று கண்ணை உருட்டி அவர் குனிந்து நிற்க, நான் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் அடிக்க வேண்டும்.

“இரும்புக்கடைக்காரர் அடி இம்புட்டுத்தானா, கலந்தர் நானா? நல்லா போடுங்க” என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார்.

போட்டேன். வாயிலிருந்து ஏதோ பறந்துபோய் ஹாஜியாரின் தொப்பியில் விழுந்ததுபோல் விரலை நீட்டிக் காட்டினார். ஹாஜியார் நிஜமாகவே தொப்பியைக் கழற்றி உள்ளே தேடினார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

“இது நாடகம்” என்றார் டொக்டர். “நெசமா அடைச்சா சத்தம் வராது. இருமலும் வராது, பேச்சும் வராது. சத்தம் போடுறவன் தப்பிச்சிக்குவான். சத்தம் போடாதவனைத்தான் நீங்க பார்க்கணும்.”

கூட்டம் அதைக் கவனித்ததா, தெரியாது. ஹாஜியார் இன்னும் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கவனித்தேன். பேச்சாளரின் கருத்து ஒன்றையாவது நன்றியுரையில் எடுத்துச் சொல்ல வேண்டும், அதனால் எப்போதும் கூர்ந்து கேட்பேன்.

என் முறை வந்தது. தாளோடு எழுந்தேன். “இன்னொரு தரம் டொக்டர், இன்னொரு தரம்” என்று பின்வரிசைக்காரர்கள் கேட்டார்கள். டொக்டர் சிரித்துக்கொண்டே தட்டிலிருந்த பெட்டிஸில் ஒன்றை எடுத்து, முக்கால்வாசியை வாயில் போட்டு, “சரி, கடைசியா” என்றார். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

மேசையைப் பிடித்தார். கண்ணை உருட்டினார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. “மாஷா அல்லாஹ், முந்தினதை விட இதுதான் நடிப்பு” என்று ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தம் மட்டும் வரவில்லை.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு, சொல்லித் தந்தபடியே குனிந்து, முதுகை என் பக்கம் திருப்பினார்.

நான் நிதானமாகத்தான் யோசித்தேன். அடித்தால் அடைத்தது வெளியே வந்துவிடும், டொக்டர் பிழைத்துக்கொள்வார். பிறகு தண்ணீர் கொண்டுவருவார்கள், விசிறுவார்கள், காரில் ஏற்றுவார்கள். கூட்டம் கலைந்துவிடும். உயிர் தப்பிய மனிதரை இருத்திவைத்து நன்றியுரை கேட்கச் சொல்வது மரியாதையா? என் உரையோ சிறியது. முதலில் அதை முடித்துவிட்டு அடிக்கலாம் என்று தீர்மானித்தேன்.

கையை அவர் முதுகில் வைத்தேன், மெதுவாகத்தான். தோளை அணைத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். நானே கைதட்டத் தொடங்கினேன். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “போதும் டொக்டர், சிரிச்சி முடியல்ல” என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

அன்று என் குரல் அப்படி அமைந்தது, ஐயா. சிரித்துக் களைத்திருந்த சனம், ஒரு குடையும் அசையவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு நன்றி சொல்லும் பந்தியை டொக்டருக்காகவே விட்டுவிட்டேன். நான் மிகவும் விரும்பி எழுதிய பந்தி அது. அவசரம் தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. என் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ‘தங்களின் பொன்னான நேரத்தை’ என்கிற இடத்தில் விட்டுவிட்டன.

ஹாஜியார் மணி அடித்ததும் நான் தீர்மானித்தபடியே தவறாமல் திரும்பி அடித்தேன், நன்றாகவே. முட்டைத் துண்டு வெளியே வந்தது. டொக்டர் காட்டிய முறையில் பிழையே இல்லை.

‘கலந்தர் கடைசிவரை போராடினார்’ என்று ஹாஜியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பொய்ப் புகழ் எனக்கு வேண்டாம், அதனால்தான் வந்தேன். நான்தான் அவரைச் சாகவிட்டேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதோடு இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷத்தில் எழுந்து போகாமல் இருந்து என் நன்றியுரையை முழுவதும் கேட்ட விருந்தினர் அவர் ஒருவர்தான்.